உளவியலாளரிடம் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மருத்துவ உளவியலாளராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் கணிசமானவர்கள் பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம், புதுச்சேரியின் பாகூர், அரியாங்குப்பம் பகுதியிலிருந்து வருகிறார்கள். சொந்த ஊரில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்பதுதான் காரணம். அதே காரணத்துக்காகக் கடலூர்க்காரர்கள் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் பஸ் ஏறுகிறார்கள். ஆற்றுப் பாலத்தில் இரண்டு கூட்டமும் எதிரெதிரே கடந்து போவதாக எனக்கு ஒரு கற்பனை உண்டு.

அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் கேட்கும் கேள்விகளும், வெளியே செருப்பு மாட்டிக்கொண்டே கேட்கும் கேள்விகளும் கீழே இருக்கின்றன. சம்பவங்களில் ஊர், வயது, தொழில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். "இது நம்ம தெரு ஆள் மாதிரி இருக்கே" என்று உங்களுக்குத் தோன்றினால், நிச்சயம் அவர் இல்லை.

நீங்க மாத்திரை எழுதித் தருவீங்களா, இல்லை பேச மட்டும்தானா?

எழுத மாட்டேன். எழுதவும் கூடாது. மருந்து தருவது மனநல மருத்துவரின் வேலை. அவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். நான் படித்தது மருத்துவ உளவியலில் எம்.பில். சோதனைகள் செய்வதும், முறையாகப் பேசிச் சிகிச்சை தருவதும் என் பக்கம்.

யாரிடம் முதலில் போவது? பல நாளாகத் தூக்கமே இல்லை, யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது, எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகச் சந்தேகம், சோறு இறங்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால் நேரே மனநல மருத்துவரிடம் போங்கள். மற்றபடி எங்களில் யாரிடம் போனாலும், தேவைப்பட்டால் அடுத்தவரிடம் அனுப்பிவைப்போம். எல்லாவற்றையும் தானே சரிசெய்துவிடுவதாகச் சொல்கிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மூன்று மாத ஆன்லைன் வகுப்பு முடித்துவிட்டு "மனநல நிபுணர்" என்று போர்டு மாட்டுவது இங்கேயும் நடக்கிறது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு அது. எண்ணைக் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மற்ற உளவியலாளர்கள், கவுன்சலர்கள் உட்படப் பல துணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குக்குள் கொண்டுவர 2021-இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. தெருமுனைப் போர்டுகள் அதற்கெல்லாம் இன்னும் அசைந்து கொடுக்கவில்லை.

கவலை எல்லாருக்கும்தான் இருக்கு. எப்ப அது வியாதி?

இரண்டு வாரம் என்பது மருத்துவத்தில் வைத்திருக்கும் ஒரு கோடு. நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கிறது, முன்பு பிடித்தது எதிலும் ஒட்டவில்லை, தூக்கமும் பசியும் மாறிப்போயிருக்கின்றன, வேலையில் கை ஓடவில்லை. இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

ஆனால் நம் பக்கத்தில் யாரும் "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சை அடைக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, தலையில் பாறாங்கல் வைத்த மாதிரி இருக்கிறது என்றுதான் வருகிறார்கள். முதுநகரில் மீன் விற்கும் ஓர் அம்மா, தலைக்கு எடுத்த ஸ்கேன்களை ஒரு துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாமே நார்மல். "ஒண்ணும் இல்லைன்னு சொல்லி அனுப்பிடுறாங்க, எனக்கு வலிக்குதே" என்றார். வலி உண்மைதான். அவர் மகன் வெளிநாட்டுக்குப் போய்ப் பேச்சை நிறுத்திய மாதத்தில் ஆரம்பித்த வலி அது. அதை இதுவரை யாரும் கேட்கவில்லை. எந்த ஸ்கேனிலும் அது விழுவதில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. சோர்வு என்று வருகிறவர்களை நான் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவேன். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். திடீர்ப் படபடப்பு, மூச்சுத் திணறல், செத்துப்போய்விடுவோமோ என்ற பயம் எல்லாம் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கினால் அது பெரும்பாலும் பதற்றத் தாக்குதல். ஆனாலும் முதல்முறை நெஞ்சு வலித்தால் இ.சி.ஜி. எடுத்த பிறகுதான் என்னிடம் வர வேண்டும்.

நான் இங்க சொல்றதை எங்க வீட்ல சொல்லிடுவீங்களா?

மாட்டேன். உங்கள் வீட்டுக்காரர் பணம் கட்டியிருந்தாலும், உங்கள் அண்ணன்தான் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாலும், எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்குத்தான் நான் வேலை பார்க்கிறேன். இந்தப் பக்கத்தில் உள்ள பாதி பதில்கள் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

இது என் பெருந்தன்மை இல்லை, சட்டம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தை உரிமையாகவே சொல்கிறது. விலக்குகளும் அதிலேயே இருக்கின்றன. உங்கள் உயிருக்கு ஆபத்து, உங்களால் இன்னொருவருக்கு ஆபத்து, நீதிமன்றமோ அதிகாரம் பெற்ற அமைப்போ உத்தரவிடுவது, பொதுப் பாதுகாப்பு, சிகிச்சையில் இருக்கும் மற்ற மருத்துவர்களுக்குத் தேவையான தகவல், நீங்கள் சட்டப்படி நியமித்த பிரதிநிதி தன் கடமையைச் செய்யத் தேவையான தகவல். அப்போதும் தேவையான அளவு மட்டுமே சொல்லலாம். முழுக் கதையையும் அவிழ்க்க அனுமதி இல்லை. இந்த விலக்குகளை முதல் சந்திப்பிலேயே நான் சொல்லிவிடுவேன். எல்லாவற்றையும் கொட்டிய பிறகு "இதை மட்டும் நான் சொல்லியாக வேண்டும்" என்பது நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது.

சட்டம் பார்க்காத ஓட்டைகள் சின்ன ஊரில் நிறைய உண்டு. டோக்கன் கொடுக்கும் பெண் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார். மெடிக்கல் ஷாப்பில் சீட்டைப் பார்த்துவிட்டு "இது தூக்க மாத்திரையாச்சே, யாருக்கு?" என்று நாலு பேர் நடுவில் கேட்பார்கள். என் இடத்தில் எண்ணைத்தான் கூப்பிடுகிறோம். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டிலோ உழவர் சந்தையிலோ உங்களைப் பார்த்தால் நானாக வந்து பேச மாட்டேன். நீங்கள் சிரித்தால் சிரிப்பேன். தலைக்கனம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

பொண்ணு பன்னிரண்டாவது படிக்கிறா. பெத்தவ நான். என்ன பேசினான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

உங்கள் தவிப்பு புரிகிறது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் சிகிச்சை முடிவுகளில் பெற்றோருக்கு இடம் உண்டு. என்ன பிரச்சினை, என்ன செய்யப்போகிறோம், வீட்டில் எதை மாற்ற வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லியே ஆவேன். யாரைப் பிடிக்கும், யார் மேல் கோபம், உங்களைப் பற்றி என்ன சொன்னாள் என்பது அவளுடையது. அதைச் சொன்னால் அடுத்த வாரம் அவள் வந்து வெறுமனே உட்கார்ந்திருப்பாள், நீங்கள் கட்டணம் கட்டுவீர்கள், அவ்வளவுதான்.

ஒன்றில் மட்டும் யாருக்கும் விலக்கில்லை. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி நான் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் எனக்கே தண்டனை. "சொந்தத்துக்குள்ள, பேசி முடிச்சிக்கலாம் மேடம்" என்று வரும் பெரியவர்களிடம் இந்தச் சட்டத்தைக் காட்டி அனுப்புகிறேன்.

பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம். மாத்திரை சாப்பிடுறதை மாப்பிள்ளை வீட்டில் சொல்லணுமா? கல்யாணம் ஆனா சரியாயிடும்னு சொல்றாங்களே?

கல்யாணம் எந்த மனநோய்க்கும் மருந்தாகாது. நான் பார்த்தவரை நேர்மாறாகத்தான் நடக்கிறது. நிச்சயம் ஆனதும் "இனிமே எதுக்கு இது" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். பத்திரிகை அடிப்பது, புடவை எடுப்பது, உறவினர் கூட்டம், தூக்கமில்லாத இரவுகள். நன்றாக இருந்த பெண் தாலி கட்டிய மாதத்திலேயே படுத்துவிடுகிறாள். பிறகு "பைத்தியத்தை ஏமாத்திக் கட்டி வெச்சிட்டாங்க" என்று பஞ்சாயத்து.

சட்டத்தைப் பற்றிப் பலருக்குத் தவறான பயம் இருக்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர் கல்யாணமே செய்யக் கூடாது என்று 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் சொல்லவில்லை. சம்மதம் தரும் தெளிவு இல்லாத நிலை, இல்லற வாழ்வுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தகுதியற்றுப் போகும் அளவுக்கான நோய், திரும்பத் திரும்ப வரும் புத்திபேதலிப்பு ஆகியவற்றைத்தான் சொல்கிறது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு வங்கி வேலைக்குப் போய்வரும் பெண் அதில் வர மாட்டாள். ஆனால் முக்கியமான விஷயத்தை மறைத்துச் சம்மதம் வாங்கியிருந்தால், அதைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்யக் கேட்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், சொல்ல வேண்டும். யார் சொல்வது என்பதில்தான் உங்களோடு நான் மாறுபடுவேன். அப்பாவும் மாமாவும் கூடிப் பேசி முடிவெடுத்து, தரகர் காதில் போட்டு, அவர் மாப்பிள்ளை வீட்டில் போட்டு, அது நெல்லிக்குப்பம்வரை போவதற்குள் "லேசான மனச்சோர்வு" என்பது "ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் கட்டிப் போட்டிருந்தாங்க" என்று ஆகிவிடும். பெண்ணே, பையனிடம், நிச்சயத்துக்கு முன்னால், தனியாகச் சொல்லட்டும். என்ன நோய், என்ன மாத்திரை, இப்போது எப்படி இருக்கிறேன் என்று மூன்று நாலு வாக்கியம் போதும். அவள் விரும்பினால், அவர்கள் இருவரையும் உட்காரவைத்து நானே விளக்குவேன். பையன் ஓடினால் ஓடட்டும். ஓடாதவர்களும் இருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். புகுந்த வீட்டில் ஒரு பெண் தன் மாத்திரைகளைக் கால்சியம் டப்பாவில் மாற்றி வைத்திருந்தாள். ஒரு நாள் மாமியார் "எனக்கும் முட்டி வலிக்குது, அதுல ஒண்ணு குடும்மா" என்று கை நீட்டினார். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒரு நிமிடம் தான் நின்ற நிலையை அவள் எனக்குச் சொன்னபோது விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. தீர்ந்துபோய்விட்டது என்று பொய் சொல்லி, மறுநாள் உண்மையிலேயே கால்சியம் வாங்கி வந்து கொடுத்திருக்கிறாள். இப்படிக் காவல் காப்பதே ஒரு நோய்க்குச் சமம்.

ஒரு மருத்துவ விஷயம்: மனம் உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் மாறிமாறிப் போகும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்குத் தரும் சோடியம் வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. அந்த மாத்திரை எடுக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போதே மனநல மருத்துவரைப் பார்த்து மாற்று என்ன என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மாப்பிள்ளை வீட்டார் போன் செய்து விசாரிப்பதும் உண்டு. சிலர் ஏதோ அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்வார்கள். அப்படி ஒருவர் என்னிடம் வருகிறாரா இல்லையா என்பதையே சொல்ல மாட்டேன். "இல்லை" என்றும் சொல்வதில்லை. வராதவருக்கு "இல்லை" என்று சொல்லிப் பழகிவிட்டால், வருகிறவருக்கு நான் மௌனம் காக்கும்போது அவர் மாட்டிக்கொள்வார்.

வீட்டுக்காரர் குடியை நிறுத்த, தெரியாமல் குழம்புல கலந்து கொடுக்க மருந்து இருக்காமே?

இருக்கிறது. கொடுக்கக் கூடாது.

நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் டைசல்ஃபிராம். குடித்த சாராயம் உடம்பில் உடையும்போது அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் உண்டாகி, உடனே அழிந்துவிடும். அழிக்கும் நொதியை இந்த மாத்திரை தடுக்கிறது. மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, ரத்த அழுத்தம் சரியும். உயிர் போகவும் கூடும். ஈரல், இதயம் இரண்டையும் பார்த்துவிட்டு, விவரம் தெரிந்து சம்மதித்தவருக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் தருவது இது. தபாலில் வரும் பெயரில்லாப் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும். நீண்ட நாள் குடிக்கிறவர்களில் பலருக்குச் சந்தேகம் ஒரு நோயாகவே வளர்ந்திருக்கும். "இவ சோத்துல எதையோ கலக்குறா" என்று அவர் ஏற்கெனவே கத்திக்கொண்டிருப்பார். இப்போது அதை நீங்களே உண்மையாக்குகிறீர்கள். தெரியவந்தால் அடி வாங்கப்போவதும் நீங்கள்தான். அதற்குப் பிறகு எந்த மாத்திரையையும் எந்த டாக்டரையும் அவர் நம்ப மாட்டார்.

இன்னொரு எச்சரிக்கை. தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் சரக்கு மலிவு என்பதால் நம் பக்கத்தில் குடியின் அளவே வேறு. கார்த்திகை முதல் நாள் மாலை போட்டுக்கொண்டு அன்றோடு விட்டுவிடுவார்கள். அன்றைக்கே கை நடுங்கும், வியர்க்கும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இருக்கும் இடமே தெரியாமல் பிதற்றுவார். வீட்டில் "சாமி குத்தம்" என்று தீர்த்தம் தெளிப்பார்கள். அது உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கால் முறிந்து வார்டில் சேர்ந்தவருக்கும் இதே மூன்றாம் நாள் கதை நடக்கும், ஏனென்றால் சேர்க்கும்போது "தினமும் எவ்வளவு குடிப்பார்" என்ற கேள்விக்கு வெட்கப்பட்டு "எப்பவாவது" என்று சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். தயமின் ஊசியும் நடுக்கத்துக்கான மருந்தும் கொடுத்தால் ஒரு வாரத்தில் கடந்துவிடலாம்.

அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் வாருங்கள். பணத்தையும் பிள்ளைகளையும் எப்படிக் காப்பது, போதையில் இருக்கும்போது வாக்குவாதம் செய்யாமல் எப்போது பேசுவது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். அடி விழுகிறது என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதாமே?

இரண்டு வகை மாத்திரைகளைக் குழப்பிக்கொள்வதால் வரும் பயம் இது. அல்பிரசோலம் மாதிரியானவை பழக்கமாகும். சில வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது, திடீரென விடவும் கூடாது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இந்த வகையில்தான் சிக்கியிருக்கிறார்கள். மனச்சோர்வுக்கான மருந்துகள் அப்படி ஏங்கவைப்பதில்லை. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல்முறை வந்த சோர்வு என்றால், குணமான பிறகும் சுமார் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர்ந்து, மெல்லக் குறைத்து நிறுத்துவார்கள். சில நோய்களுக்கு நீண்ட காலம் தேவைதான். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவரை யாரும் இப்படிக் கேட்பதில்லையே.

கோயிலுக்கு, தர்காவுக்கு அழைச்சிட்டுப் போகலாமா?

தாராளமாக. மந்திரித்த கயிறைக் கழற்று என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பூசாரியிடமும், அடிக்கிற பூசாரியிடமும், கட்டிப் போடும் இடத்திலும் மட்டும் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்கா உள்ள ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த வகையிலும் அனுமதிப்பதில்லை. வீட்டுத் திண்ணையில் கட்டினாலும் கட்டியதுதான்.

ஆள் வரவே மாட்டேங்கிறார். ஊசி போட்டுத் தூக்கிட்டுப் போற ஆளுங்க இருக்காங்களாமே?

அப்படிப்பட்டவர்களிடம் நம்பர் வாங்காதீர்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை, தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலை என்றால் சட்டமே வழி வைத்திருக்கிறது. ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியாகப் பரிசோதித்து, அவர் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்ட பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் 30 நாள்வரை சேர்க்கலாம். அவசரத்தில் எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் 72 மணி நேரம்வரை சிகிச்சை தொடங்கலாம். "ஷாக்" என்று மின் அதிர்ச்சிச் சிகிச்சைக்குப் பயப்படுகிறீர்களே, மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் தராமல் அதைச் செய்வது இப்போது சட்டப்படி தடை.

பலர் கேள்விப்படாத ஒன்று: நன்றாக இருக்கும் காலத்திலேயே "மறுபடி வந்தால் எனக்கு இப்படிச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம், என் சார்பில் இன்னார் முடிவெடுக்கட்டும்" என்று எழுதிவைக்கலாம். கணவரையோ அப்பாவையோதான் எழுத வேண்டும் என்பதில்லை. தன் கல்லூரித் தோழியை எழுதிய பெண்ணும் உண்டு. வீட்டில் சண்டை வந்தது. சட்டம் அவள் பக்கம்.

கம்பெனியில் கவுன்சலிங் அனுப்பினாங்க. ரிப்போர்ட் எச்.ஆருக்குப் போகுமா?

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கேட்பது. பணம் கம்பெனி கட்டினாலும் வந்தாரா, இத்தனை முறை வந்தாரா என்பதற்கு மேல் எதுவும் போகக் கூடாது. அதுவும் உங்கள் கையெழுத்தோடு. வேலைக்குத் தகுதியா என்று பரிசோதிக்க அனுப்பியிருந்தால் கதையே வேறு. அங்கே நான் சிகிச்சை தருபவராக இல்லை என்பதை வாயைத் திறப்பதற்கு முன்பே உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். முதல் கேள்வியாக "இது எந்த வகை?" என்று கேளுங்கள்.

சாகணும்னு சொல்றவங்கள்ட்ட அதைப் பத்திப் பேசினா தூண்டிவிட்ட மாதிரி ஆகாதா?

ஆகாது. "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பது எண்ணத்தை விதைப்பதில்லை. பெரும்பாலும் மூச்சு விட இடம் கொடுக்கிறது. கேட்டுவிட்டுப் புத்தி சொல்ல ஆரம்பிக்காதீர்கள். "புள்ளைங்கள நினைச்சுப் பாரு" என்பது ஏற்கெனவே குற்றவுணர்வில் மூழ்கியிருப்பவருக்கு இன்னொரு கல். பக்கத்தில் இருங்கள், தனியே விடாதீர்கள், அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். முந்திரித் தோப்பும் நிலமும் உள்ள வீடுகளில் பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காமல் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். அந்த உந்துதல் பல நேரம் சிறிது நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைத்து, ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கொண்டுவருகிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு. எந்த நேரமும் அழைக்க: அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. பிள்ளைகளுக்கு 1098.

மழை, புயல்னு டி.வி.யில் சொன்னாலே நெஞ்சு படபடக்குது. இது பைத்தியமா?

2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல். இத்தனையும் பார்த்த கடற்கரையில் படபடக்காவிட்டால்தான் ஆச்சரியம். ஒரு பேரிடருக்குப் பிறகு முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி கண்ணுக்குள் ஓடுகிறது, கடல் பக்கமே போக முடியவில்லை என்றால் சிகிச்சை உண்டு, நன்றாகப் பலனும் தரும்.

இங்கே என் தொழிலின் மீதே ஒரு குறை. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள், நடந்ததை உடனே விவரமாகச் சொல்லு என்று வற்புறுத்துகிறார்கள். பிள்ளைகளை உட்காரவைத்து அலையை வரையச் சொல்கிறார்கள், அதைப் படம் பிடிக்கிறார்கள். நடந்த சூட்டிலேயே கட்டாயப்படுத்திப் பேசவைப்பதால் பயனில்லை என்று ஆய்வுகள் எப்போதோ சொல்லிவிட்டன. குடிநீர், மாற்றுத்துணி, காணாமல் போனவர் பற்றிய தகவல், கூட ஒரு தெரிந்த முகம். முதல் வாரத்து மனநலப் பணி அதுதான். தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மரம் மறுபடி காய்க்க வருடங்கள் ஆகும் என்று தெரிந்தவரிடம் மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் முன் நிவாரண மனுவை நிரப்பித் தந்திருக்க வேண்டும்.

காசு இல்லைன்னா?

கடலூர் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும், சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரியிலும், கோரிமேட்டில் ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஜிப்மரில் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள், பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள். காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு: உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது 2017 சட்டம். முகவர் "இதெல்லாம் வராது சார்" என்றால் எழுத்தில் கேளுங்கள்.

நல்லா ஆயிட்டேன். பலாப்பழம் கொண்டு வரலாமா?

ஒன்று கொண்டு வாருங்கள், அன்று வரிசையில் இருப்பவர்கள் எல்லாரும் சாப்பிடுவோம். தங்கக் காசு, புடவை, மகன் காதுகுத்துக்கு முன்வரிசை நாற்காலி எல்லாம் வேண்டாம். உங்கள் ஏலச்சீட்டில் என்னைச் சேர்ப்பதும், என் பெண்ணுக்கு உங்கள் பள்ளியில் இடம் பேசுவதும் கூடவே கூடாது. நாளை உங்களிடம் ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்ல வேண்டி வந்தால் எனக்கு நாக்கு எழாது.

ஊனச் சான்றிதழுக்காகப் "பர்சன்டேஜைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்க" என்று கேட்பதும் இதே வகை. உதவித்தொகை தேவைப்படும் குடும்பம் என்று தெரிந்தும் மறுக்க வேண்டியிருக்கிறது. சலுகைகளுக்கு வேண்டிய 40 சதவீதத்துக்கு ஒன்று இரண்டு குறைவாக நிற்கும் பிள்ளையின் தாயிடம் அதைச் சொல்வது இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி. மறுபரிசோதனைக்கு விண்ணப்பிக்கும் வழியை எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன்.

உங்க மாதிரி ஆளே தப்பு பண்ணினா யார்ட்ட சொல்றது?

கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம். சிகிச்சை தருகிறவர் உங்களிடம் காதல் பேச்சு, உடல் தொடுகை, கடன், தன் வீட்டுக் கதை என்று இறங்கினால் அது சிகிச்சையின் ஒரு பகுதி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நீங்கள் சம்மதித்திருந்தாலும் தவறு அவருடையது. உங்கள் கதையை, படத்தைப் பெயர் மாற்றி யூடியூபில் போட்டாலும் புகார் செய்யலாம்.

மருத்துவ உளவியலாளர் என்றால் மறுவாழ்வு கவுன்சில், மனநல மருத்துவர் என்றால் மாநில மருத்துவக் கவுன்சில். மனநல நிலையங்கள் பற்றிய புகாருக்கு மாநில மனநல ஆணையமும் மனநல மறுஆய்வு வாரியமும் இருக்கின்றன. கடலூரில் சிகிச்சை பெற்றவர் தமிழ்நாட்டு ஆணையத்துக்கும், ஆற்றுக்கு அப்பால் சிகிச்சை பெற்றவர் புதுச்சேரி ஆணையத்துக்கும் எழுத வேண்டும். குற்றம் என்றால் நேரே காவல் நிலையம். புகார் எழுதும் முன் உங்கள் அடிப்படைச் சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 2017 சட்டத்தின் 25-ஆம் பிரிவு அதை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. வாய்வழியாகக் கேட்டால் "தேடிப் பார்க்கிறோம்" என்பார்கள். தேதி போட்ட கடிதமாகக் கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.